தூரம் பூஜ்ஜியம், ஏற்றம் இருபத்திரண்டு

பிப்ரவரி 3

பல் சாம்ராஜ்யத்தின் ஒரே பேரரசி, பொய்ப்பல் செய்து ஊரையே நிஜமாகச் சிரிக்கவைக்கும் என் மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். ஊரிலுள்ள லிஃப்டுகளுக்குத்தான் இருமல். உன் உடம்பு எப்படி?

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்த வருடம் நான் உனக்கு எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. உன் அம்மா நம்ப மாட்டாள். நான் பிறந்த அன்றைக்கே என்னைச் சந்தேகமாகப் பார்த்த அக்கா அவள். உன் அத்தை பக்கத்திலிருந்து பார்த்தாலும் நம்ப மாட்டாள். நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும். இதற்காகத்தான் நான் போனில் பேசுவதே இல்லை. பேச்சில் பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும். காகிதத்துக்குத் தொண்டை கிடையாது.

நீ அனுப்பிய உன் பழைய ரேஸ் சைக்கிள் வந்து சேர்ந்தது. ஐம்பத்தேழு வயது லிஃப்ட் மெக்கானிக், முப்பத்தொரு வருடமாக மேலும் கீழுமாகவே வாழ்ந்தவன், முதல் தடவையாகப் படுக்கைவாட்டில் போனேன். என்ன வேகம்! ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, சனிக்கிழமை சாயங்காலமே வீடு திரும்பிவிட்டேன். "கிளம்பவே இல்லையே, அதுக்குள்ள எப்படி வந்தீங்க?" என்று அத்தை கேட்டாள். எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்துத் தையல்கார அம்மா காயப்போட்டிருந்த துணியெல்லாம் நான் போன காற்றில் தானாக இஸ்திரி ஆகிவிட்டது.

பெடலில் பூட்டிக்கொள்ளும் அந்த ஷூவும் வந்தது. இன்னும் போடவில்லை. பார்த்தாலே கால் நடுங்குகிறது. பயத்தில் இல்லை, வீரத்தில்.

அக்டோபர் முதல் ஞாயிறு நாம் இருவரும் கலங்கரை விளக்கம்வரை நூற்றிருபது கிலோமீட்டர் போகிறோம், வாக்கு வாக்குதான். அதற்கு ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாய். கடையில் பதினாறு வகை இருக்கிறது. ஒன்று பாடுகிறது, ஒன்று திட்டுகிறது, ஒன்று என்னைப் பார்த்ததும் அணைந்துவிட்டது. எதை வாங்க? உடனே எழுது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிதான் எழுந்து நடக்கிறது.

இருப்புக்கொள்ளாத
மாமா

*

பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி? இன்றைக்குள் மூன்று தாடையும் ஒரு கடைவாய்ப் பல்லும் முடிக்க வேண்டும். மெழுகு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

டச் ஸ்கிரீன் வேண்டாம். வியர்த்த விரலும் மழைத்துளியும் அதற்கு ஒன்றுதான். தானாகப் பக்கம் மாறி உயிரை வாங்கும். பட்டன் வைத்ததை வாங்குங்கள், கையுறையோடு அழுத்தலாம். திரையைக் கடைக்குள்ளே பார்த்து மயங்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள், எழுத்து தெரிந்தால் சரி. பேட்டரி பதினைந்து மணி நேரமாவது நிற்கட்டும். கடைக்காரர் சொல்லும் கணக்கு வழிகாட்டாமல் சும்மா ஓடும் கணக்கு; வழிகாட்டினால் குறையும். வழி தவறினால் திருப்பிக் கூட்டிவரும் வரைபடம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே காற்றழுத்தமானி இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவானதில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாவிட்டால் உயரத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுவிடும். இருந்தால், மாடிப்படி ஏறினால்கூடச் சரியாகக் காட்டும். கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் பெரிய மேடு இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

வாங்கியதும் நான் அனுப்பும் இணையக் கணக்கில் இணைத்துவிடுங்கள். உங்கள் பயணமெல்லாம் எனக்கு வந்துவிடும், என்னுடையது உங்களுக்கு. இனிமேல் கதை அளக்க முடியாது!

அந்த ஷூவை தைரியமாகப் போடுங்கள். நிற்பதற்கு முன்னால் குதிகாலை வெளிப்பக்கம் ஒரு திருப்பு, கால் கழன்றுவிடும். அவ்வளவுதான். நான் பொறுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மருமகள்

*

மார்ச் 2

பேரரசிக்கு,

அத்தையின் முழங்கால் நலம். அவள் வாய் அதைவிட நலம்.

போர் முடிந்தது. நான் மூன்று கம்ப்யூட்டரை வெயிலில் பார்க்க வாசலுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் திருடனென்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் பின்னால் அவர் மனைவி, அவள் பின்னால் போக்குவரத்துப் போலீஸ். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் நாலாயிரம் பேர் ஊர்வலம். வெயிலே கூச்சப்பட்டு மேகத்துக்குள் போய்விட்டது.

காற்றழுத்தமானியைச் சோதிக்காமல் நான் வாங்குவேனா? அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறி மூன்று தடவை போய்வந்தேன்.

"சார், இது சைக்கிளுக்கு சார்" என்று கெஞ்சினார் கடைக்காரர்.

"தம்பி, உயரம்னா எனக்கு லிஃப்ட்தான். ஒரு மாடிக்கு மூணு மீட்டர் சொச்சம் காட்டுதா இல்லையா?"

காட்டியது. மகா உத்தமமான யந்திரம். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் நாடிப்பட்டையும் கூடவே வாங்கினேன். என் இதயத்தைப் பார்த்து அது பயப்படாமல் இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஷூவைப் பூட்டப்போகிறேன். உலகம் தயாராக இருக்கட்டும்.

மாமா

*

ஏப்ரல் 19

அன்புள்ள மாமா,

எப்படி இருக்கிறீர்கள்? நிஜமாகக் கேட்கிறேன். உங்கள் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது.

என் கணக்கில் உங்கள் பயணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மார்ச் ஆறு. மூன்று கிலோமீட்டர் மெதுவாகப் போயிருக்கிறீர்கள். நாற்சந்தி சிக்னலில் இருபது நிமிடம் நின்றிருக்கிறீர்கள். அப்புறம் இரண்டரை கிலோமீட்டர், அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில்! லாரியைப் பிடித்துக்கொண்டு போனீர்களா? அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

போன் செய்தால் அத்தை எடுத்து, "மாமா குளிக்கிறார்" என்கிறாள். காலையில் குளிக்கிறீர்கள், மத்தியானம் குளிக்கிறீர்கள். மாமா என்ன நீர்யானையா? அம்மாவைக் கேட்டால், "உன் மாமனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லுமுன் ஒரு மூச்சு இடைவெளி விடுகிறாள். அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலையில் மனம் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு மேல்தாடைக்குக் கீழ்த்தாடைப் பல்லை வைத்துவிட்டேன். எழுதுங்கள்.

மருமகள்

*

மே 2

அவசரக்காரப் பேரரசிக்கு,

பரம சௌக்கியம். இவ்வளவு சௌக்கியம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டரே கவலைப்படுகிறார்.

அறுபத்திரண்டு என்பது என் சொந்த வேகம். அன்றைக்கு எனக்கு வழிவிடச் சொல்லி ஒரு வண்டி சைரன் போட்டுக்கொண்டே கூட வந்தது என்றால் பார்த்துக்கொள். ஊரே ஒதுங்கி நின்றது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை? மலை தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். நேற்றைய கணக்கைப் பார்: ஏற்றம் ஆயிரத்து நூறு மீட்டர்! பாதி வழியில் மேகம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வந்தது. உச்சியில் ஒரு ஆடு என்னைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பி, "பயப்படாதே, நானும் குடும்பஸ்தன்தான்" என்று ஆறுதல் சொல்லி இறங்கினேன். மூச்சுகூட வாங்கவில்லை. நாடிப்பட்டையைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

நீ வாங்கச் சொன்ன கம்ப்யூட்டர் அருமை. நீ வாங்கிக் கொடுத்த எல்லாமே அருமை. ஷூவும்.

மாமா

*

மே 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இதை மாமாவுக்குத் தெரியாமல் படியுங்கள்.

மாமா ஆயிரத்து நூறு மீட்டர் ஏறினாராம். கணக்கில் ஏற்றம் இருக்கிறது, தூரம் பூஜ்ஜியம். ஒரு அடிகூட நகராத மனுஷர் எந்த மலையில் ஏறினார்? கோட்டுப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு மீட்டர் மேலே, இருபத்திரண்டு மீட்டர் கீழே, ஒவ்வொன்றும் இருபத்தைந்தே விநாடி. இப்படி ஐம்பது தடவை. நாடி எழுபது. நீங்கள் இருப்பது ஏழாம் மாடி.

மாமா லிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட்காரர் ஆனதால் உயரத்தை மட்டும் கணக்குப் பண்ணினார், தூரம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சைக்கிள் எங்கே? மாமா ஏன் வெளியே போகவில்லை?

குளிக்கிறார் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் மருமகள்

*

மே 15

கண்ணு,

நல்லா இருக்கியா? இங்கே முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

மார்ச் ஆறாம் தேதி உன் மாமா அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கிறது. நின்றிருக்கிறார். கால் கழலவில்லை. நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். நீ எழுதியிருந்த அந்த அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம், ஆம்புலன்ஸ் போன வேகம். ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதும் அந்த மிஷினைக் கையிலிருந்து விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதல் பேச்சு, "அவளுக்குச் சொல்லக் கூடாது" என்பதுதான். "ஷூ அவ வாங்கிக் குடுத்தது. தெரிஞ்சா அவ சைக்கிளையே தொட மாட்டா. சின்ன வயசுல என் கண்ணாடியை உடைச்சதுக்கே ரெண்டு நாள் சாப்பிடாதவ" என்றார். உன் அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது வாக்கரில் நடக்கிறார். கம்ப்யூட்டரை அந்த வாக்கர் கம்பியில்தான் மாட்டியிருக்கிறார். தலையில் ஹெல்மெட். லிஃப்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மேலேயும் கீழேயும் போகிறார். மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் வந்து, "சார், நான் இறங்கணும்" என்றால், "இன்னும் நாப்பது மீட்டர் பாக்கி இருக்கு, உள்ளே வாங்க, பேசிக்கிட்டே போகலாம்" என்கிறார்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை கண்ணு. படி ஏறிப் பழகணும் என்று பிசியோதெரபிஸ்ட் தலைதலையாக அடித்துக்கொள்கிறாள். ஆகஸ்டுக்குள் ஏறாவிட்டால் கால் வலு திரும்பாது, வாக்கர்தான் கடைசிவரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் முதல் படிவரை போகிறார், கைப்பிடியைத் தொடுகிறார், ஒரு ஜோக் சொல்கிறார், திரும்பி வந்துவிடுகிறார். முப்பது வருஷத்தில் இவர் பயந்து நான் பார்த்ததில்லை.

நான் எழுதியதைக் காட்டிக்கொடுக்காதே.

அத்தை

*

மே 24

மலை வென்ற மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆயிரத்து நூறு மீட்டர் பற்றி எங்கள் சைக்கிள் கிளப்பில் சொன்னேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு விதியைக் காட்டினார். அக்டோபர் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் ஒரே ஒரு ஏற்றத்தைப் பதிவுசெய்து காட்ட வேண்டுமாம். இருபத்திரண்டு மீட்டர் போதும். ஆனால் அதை ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக ஏறினால் செல்லாது. நாடி நூறைத் தாண்டாவிட்டால் செல்லாது. லிஃப்ட், ரோப்கார், கழுகு எதுவும் ஒத்துக்கொள்ளப்பட மாட்டாது.

மேகத்தைக் காதில் வாங்கியவருக்கு இருபத்திரண்டு மீட்டர் ஒரு தூசு. அனுப்பிவையுங்கள்.

இன்னொன்று. கலங்கரை விளக்கத்துக்கு லிஃப்ட் கிடையாது. விசாரித்துவிட்டேன்.

மருமகள்

*

ஜூன் 30

மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

கழுகு விதி நீ போட்டது. உங்கள் செயலாளருக்கு அவ்வளவு கற்பனை இருக்காது.

அந்தக் கம்ப்யூட்டர் உன் பயணங்களையும் எனக்குக் காட்டுகிறது. சொன்னது நீதான், மறந்துபோனதும் நீதான். வாரத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தாய். மே பதினேழு, நாற்பத்தொரு கிலோமீட்டர். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆறு வாரமாக தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். உன் அத்தை மே பதினைந்தில் தபால் பெட்டிவரை போனாள். முழங்கால் வலிக்காரி ஏன் அவ்வளவு தூரம் போனாள் என்று இப்போது புரிகிறது.

இதற்காகத்தான் நான் சொல்லவில்லை.

படி ஏற மாட்டேன். அதைக் கேட்காதே. முதல் படியில் காலை வைத்தால் அந்த சிக்னல் ஞாபகம் வருகிறது. ஒட்டிக்கொண்ட கால், சாய்கிற தரை. லிஃப்டுக்குள் அப்படி இல்லை. லிஃப்ட் என்னைக் கைவிட்டதே இல்லை.

நீ ஓட்டு. எனக்காக நிறுத்தாதே.

மாமா

*

ஜூலை 8

அன்புள்ள மாமா,

அத்தையைத் திட்டாதீர்கள். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? முதல் தடவையாகச் சரியான கேள்வியைக் கேட்கிறேன்.

"நான் பொறுப்பு" என்று எழுதினேன். பிப்ரவரி பன்னிரண்டு. அந்த வரியை எழுதியபோது மெழுகு ஆறுகிறதே என்ற அவசரம். சைக்கிளோடு நின்றுகொண்டு ஒரு வாரம் வெறுமனே கழற்றிப் பழக வேண்டும், பூட்டின் இறுக்கத்தைக் குறைத்து வைக்க வேண்டும், இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி. எழுதவில்லை. ஒரு பல்லைப் பொருத்தும் முன் ஆறு தடவை கடித்துப் பார்க்கச் சொல்கிறவள், உங்களுக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

என் சைக்கிள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பெடல் இரண்டையும் கழற்றிவிட்டேன். மேஜைமேல் இருக்கின்றன. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க வீட்ல யாரும்மா பரேட் பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிறுத்தாதே என்கிறீர்கள். சரி, பேரம் பேசுவோம். நீங்கள் இருபத்திரண்டு மீட்டர் ஏறுங்கள், படியில், எத்தனை மணி நேரம் ஆனாலும். அந்தப் பதிவு என் கணக்கில் வந்த நிமிடம் நான் பெடலை மாட்டுகிறேன். வராவிட்டால் மாட்ட மாட்டேன். நீங்கள் எனக்காக மறைத்தீர்கள். எனக்காக ஏறவும் செய்யுங்கள்.

அத்தையை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.
மருமகள்

*

ஆகஸ்ட் 21

பற்களின் சக்கரவர்த்தினி, பேரத்தில் ஈவிரக்கமற்ற என் மருமகளுக்கு,

உடம்பு வலிக்கிறது, ஆகவே சௌக்கியம். வலிக்காத இடம் ஒன்று இருந்தது, தேடிக் கண்டுபிடித்து அங்கேயும் அத்தை தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் பதினெட்டு காலை பத்து மணிக்கு வையகம் காணாத ஏற்றம் தொடங்கியது. என் கையாலேயே லிஃப்டை நிறுத்தி, "பழுது" பலகையை மாட்டினேன். லிஃப்ட் அழுதது. "முப்பத்தொரு வருஷம் உங்களைச் சுமந்தேனே" என்றது. தட்டிக்கொடுத்துவிட்டு முதல் படிக்குத் திரும்பினேன். படி என்னைப் பார்த்து உறுமியது. நானும் உறுமினேன். அது பின்வாங்கியது, அந்த இடைவெளியில் காலை வைத்தேன்.

வாக்கரைக் கீழேயே விட்டேன். ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் ஊன்றுகோல், கழுத்தில் கயிறு கட்டிக் கம்ப்யூட்டர். பிசியோதெரபிஸ்ட் பின்னால், ஒரு படி கீழே. இரண்டாம் மாடியில் காற்று மெலிந்தது. மூன்றாம் மாடியில் கணக்கு வாத்தியார் கதவைத் திறந்து, "இன்னும் எண்பத்து நாலு படி சார்" என்றார். அவரைச் சபித்தேன், ஒரு மாதத்துக்குக் கூட்டல் வராது. நாலாம் மாடியில் பனி. தையல்கார அம்மா கீழேயிருந்து கம்பளி கொடுத்தனுப்பினாள்.

ஐந்தாம் மாடியில் என் கோடு ஒன்பது நிமிடம் அப்படியே படுத்திருப்பதைப் பார்த்திருப்பாய். அங்கே ஒரு கழுகு வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, "தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டது. "செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று விதியை விளக்கினேன். அது சட்டம் படித்த கழுகு, சுலபத்தில் விடவில்லை. ஒன்பது நிமிடம் வாதாடித் தோற்கடித்து அனுப்பிவைத்தேன்.

ஏழாம் மாடி. நாற்பத்தேழு நிமிடம். நாடி நூற்று முப்பத்தொன்று. ஏற்றம் இருபத்திரண்டு, தூரம் பூஜ்ஜியம். உன் பேச்சைக் கேட்காமல் காற்றழுத்தமானி இல்லாததை வாங்கியிருந்தால் என் மே மாதத்து மானம் தப்பியிருக்கும். இந்த இருபத்திரண்டும் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் திறந்து பார்த்தேன். உன் கணக்கில் எட்டு கிலோமீட்டர். மிக மோசமான வேகம். ஆம்புலன்ஸ்கூட இதைவிட நன்றாக ஓடும். அக்டோபரில் நீ மேட்டில் மிதித்து வா. நான் பஸ்ஸில் முன்னால் போய், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் உட்கார்ந்து உன்னைக் கேலி செய்வேன். முந்தின நாளே ஏற ஆரம்பித்துவிட உத்தேசம்.

இதில் எது நிஜம் என்று கேட்பாய். லிஃப்ட் அழவில்லை. பனி இல்லை, கம்பளி இல்லை. கழுகும் வரவில்லை. ஐந்தாம் மாடியில் கால் ஒட்டிக்கொண்டது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "இறங்கிடலாம்" என்று பிசியோதெரபிஸ்டிடம் சொல்லியும்விட்டேன். அப்போது மேலேயிருந்து உன் அத்தை கைப்பிடிமேல் தலையை நீட்டி, "அங்க ஒருத்தி பெடலைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

மாமா